ஃப்ளூரைடு கண்ணாடி ஃபைபர்: அகச்சிவப்பு போகும், ஆனால் சும்மா போகாது

கேள்வி இது. ஓர் எரிகலனிலிருந்து வரும் புகையில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று 4.26 மைக்ரான் அலைநீள அகச்சிவப்பு ஒளியை வைத்து அளக்க வேண்டும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உணரியைச் சூட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளித்தான் வைக்க முடியும். தொலைத்தொடர்புக்குப் போடும் சாதாரண ஆப்டிகல் ஃபைபரைப் பொருத்திப் பார்த்தால் மறுமுனையில் ஒன்றுமே வரவில்லை. "ஃப்ளூரைடு கண்ணாடி ஃபைபர் வாங்கு" என்கிறார்கள். அதில் மட்டும் ஏன் போகிறது? அவ்வளவு நல்லதென்றால் கடலடிக் கேபிளில் அதைப் போடாமல் ஏன் விட்டார்கள்?

முதலில் நேரடியான பதில். ஆம், உங்களுக்கு வேண்டியது உலோக ஃப்ளூரைடுகளால் செய்த ஃப்ளூரைடு ஃபைபர்தான். அதிலும் அதிகம் பேசப்படும் ஜிர்கோனியம் வகை அல்ல, இண்டியம் வகை. ஆனால் இந்தக் கண்ணாடி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் சீக்கிரமே முனையைக் கெடுத்துக்கொள்வீர்கள். இதன் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்வாக இருப்பதால்தான் அகச்சிவப்பு உள்ளே போகிறது. அதே தளர்வால்தான் கண்ணாடி சீக்கிரம் இளகுகிறது, சீக்கிரம் படிகமாகிறது, தண்ணீரைக் கண்டால் கரையவும் செய்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது.

நீங்கள் பொருத்திப் பார்த்த சாதாரண ஃபைபர், அதாவது சிலிக்கா ஃபைபரிலிருந்து தொடங்குவோம். 1.55 மைக்ரானில் அது கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவுக்குத்தான் ஒளியை இழக்கிறது (10 டெசிபெல் இழந்தால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும்). 50 கிலோமீட்டர் போன பிறகும் பத்தில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும். அதே ஃபைபரில் 2 மைக்ரானைத் தாண்டிப் பாருங்கள், இழப்பு மளமளவென்று ஏறும். 2.5 மைக்ரான் வாக்கில் சில மீட்டர் கடப்பதே பெரும்பாடு. 4 மைக்ரானில் அது சுவர் மாதிரிதான். நீங்கள் போட்டுப் பார்த்ததில் எந்தத் தவறும் இல்லை, வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

காரணம் அதிர்வு. சிலிக்கான் அணுவும் ஆக்சிஜன் அணுவும் ஒரு விறைப்பான சுருள்வில்லால் இணைக்கப்பட்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வில் எவ்வளவு விறைப்போ, அணுக்கள் எவ்வளவு லேசோ, அந்த அளவுக்கு அதிர்வு வேகமாக இருக்கும். சிலிக்காவில் இந்த அதிர்வு ஏறக்குறைய 9 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியோடு ஒத்துப்போகிறது. அந்த அலைநீளத்தில் ஒளி வந்தால் பிணைப்பு அதை விழுங்கி அதிரத் தொடங்கும். அதோடு நின்றால் நமக்குக் கவலை இல்லை. ஒரே ஒளித்துகள் இரண்டு, மூன்று, நான்கு அதிர்வுகளை ஒரே சமயத்தில் எழுப்பவும் முடியும். அதனால் 9-இன் பாதியான 4.5 மைக்ரானிலும், மூன்றில் ஒரு பங்கான 3 மைக்ரானிலும் உறிஞ்சல் இருக்கிறது. படி ஏற ஏற அது பலவீனமாகும் என்பது உண்மை. ஆனாலும் இவற்றின் ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்து, 2 மைக்ரான் வரை வால் நீள்கிறது. கண்ணாடியை எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் இந்த வால் போகாது. இது அழுக்கால் வருவதல்ல, கண்ணாடியின் உடம்பிலேயே உள்ளது.

ஆக, வால் தூரமாகப் போக வேண்டுமென்றால் அதிர்வை மந்தமாக்க வேண்டும். கனமான அணுவையும் தளர்வான பிணைப்பையும் தேட வேண்டும். சிலிக்கானைவிட ஜிர்கோனியம் மூன்று மடங்குக்கு மேல் கனம். அது ஃப்ளூரினோடு கொள்ளும் பிணைப்பு சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பைவிடத் தளர்வு. அதன் அடிப்படை அதிர்வு 17 மைக்ரான் வாக்கில் விழுகிறது. பாதி 8.6, மூன்றில் ஒரு பங்கு 5.8 என்று கணக்குப் போட்டால் 4 மைக்ரான் வரை பாதை திறந்திருப்பது ஏன் என்று புரியும். இண்டியம் ஃப்ளூரைடில் அதிர்வு இன்னும் மந்தம். அதனால்தான் ஜிர்கோனியம் வகை ஃபைபர் 4 மைக்ரானைத் தாண்டியதும் தடுமாறும் இடத்தில் இண்டியம் வகை 5 மைக்ரானைத் தாண்டியும் ஓடுகிறது.

இந்தக் கண்ணாடியை யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1974-இல் பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் மிஷேல் பூலேன், மார்செல் பூலேன் சகோதரர்களும் ஜாக் லூக்காவும் லேசருக்கு ஏற்ற புதிய ஃப்ளூரைடு படிகங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜிர்கோனியம், பேரியம், சோடியம் ஃப்ளூரைடுகளை உருக்கிக் குளிரவைத்ததில் படிகத்துக்குப் பதில் கண்ணாடி வந்து நின்றது. அதற்கு முன் ஃப்ளூரைடு கண்ணாடி என்றால் பெரிலியம் ஃப்ளூரைடு. அது கடும் நச்சு. ஈரக்காற்றில் வைத்தாலே நீரை இழுத்துக்கொள்ளும். ஜிர்கோனியம் ஃப்ளூரைடைக் கொண்டு கண்ணாடி செய்யலாம் என்று அதற்கு முன் யாரும் நினைத்திருக்கவில்லை. 1975-இல் இது கட்டுரையாக வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் ரென் நகருக்கு அருகிலேயே லே வெர் ஃப்ளூரே என்ற நிறுவனமும் தொடங்கியது. இன்றும் அது இதே கண்ணாடியைத்தான் விற்கிறது.

இப்போது வழக்கத்தில் உள்ள கலவையில் ஐந்து ஃப்ளூரைடுகள் உண்டு. மூலக்கூறு விகிதத்தில் ஜிர்கோனியம் 53, பேரியம் 20, லாந்தனம் 4, அலுமினியம் 3, சோடியம் 20. இவற்றின் குறியீடுகளின் முதலெழுத்துகளைக் கோத்து இசட்பிளான் என்று அழைக்கிறார்கள். ஜிர்கோனியம் வலையைக் கட்டுகிறது, பேரியம் அந்த வலையின் இடைவெளியில் உட்காருகிறது. மற்ற மூன்றும் பெரும்பாலும் ஒரே வேலைக்காகச் சேர்க்கப்பட்டவை: படிகமாகாமல் பார்த்துக்கொள்வது. இத்தனை பேரை ஒரே பாத்திரத்தில் போட்டுக் குழப்பினால்தான் எந்தப் படிகமும் சுலபமாக ஒழுங்குபட முடியாது.

அந்தப் படிகப் பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலின் பாதித் தலைவலி அதுதான். சிலிக்காவை 2000 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கி இழை இழுப்பார்கள். அந்தச் சூட்டிலும் அது கெட்டியான பாகாக, மெதுவாக நீளும். சில பத்து டிகிரி ஏறி இறங்கினாலும் பெரிய கேடு இல்லை, படிகமாகும் ஆசையும் அதற்குக் கிடையாது. இசட்பிளான் ஏறக்குறைய 260 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். 350 டிகிரியைத் தாண்டினால் படிகங்கள் முளைக்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான 100 டிகிரிக்குள்தான் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். அதற்குள்ளும் அதன் பாகுத்தன்மை சூட்டோடு செங்குத்தாகச் சரிகிறது: சில டிகிரி குறைந்தால் இழுபடாது, சில டிகிரி கூடினால் சொட்டும். அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்கு இது புரியும். பதம் ஒரு நொடி தப்பினால் பாகு பூத்துவிடும். இங்கே பூப்பது மைக்ரான் அளவுள்ள நுண்படிகம். ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும் புள்ளி. அதோடு ஃபைபர் ஒடியும்போது அங்கேதான் முதலில் ஒடியும்.

அப்புறம் சுத்தம். சிலிக்கா ஃபைபர் செய்பவர்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு: சிலிக்கான் டெட்ராகுளோரைடு எளிதில் ஆவியாகும் திரவம். அதை ஆவியாக்கினால் இரும்பு, செம்பு போன்ற அழுக்கு பின்தங்கிவிடும். அந்த ஆவியிலிருந்தே கண்ணாடியைப் படியவைத்துவிடலாம். ஃப்ளூரைடுக்கு இப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. ஜிர்கோனியம் ஃப்ளூரைடை மட்டும் ஆவியாக்கிப் படியவைத்துச் சுத்தம் செய்யலாம். பேரியம், லாந்தனம், சோடியம் ஃப்ளூரைடுகள் அப்படி ஒத்துழைக்காது. ஆகவே பொடிகளைத் தனித்தனியே சுத்திகரித்து, ஈரமே இல்லாத கையுறைப் பெட்டிக்குள் உருக்கி, அச்சில் வார்க்க வேண்டும். வார்ப்பதிலும் ஒரு நேர்த்தி உண்டு. வெளி உறைக்கான உருகலை உருளை அச்சில் ஊற்றி வேகமாகச் சுழற்றுவார்கள். அது சுவரோடு ஒட்டிக் குழாயாக உறைந்ததும் நடுவில், ஒளி ஓடும் உள்ளகத்துக்கான உருகலை ஊற்றுவார்கள். உறைக்கு ஒளிவிலகல் எண் குறைய வேண்டும் என்பதற்காக ஜிர்கோனியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் ஹாஃப்னியத்தைச் சேர்ப்பதுண்டு. உள்ளகத்தில் எண்ணை உயர்த்த ஈயம்.

அழுக்கில் மோசமானது தண்ணீர்தான். தண்ணீரிலிருந்து வரும் ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடி) கண்ணாடிக்குள் நுழைந்தால் 2.9 மைக்ரானில் பெரிய பள்ளம் விழும். நாம் பயன்படுத்த நினைக்கும் பாதையின் நட்டநடுவில் விழும் பள்ளம் அது. ஆக்சிஜன் நுழைந்தால் ஆக்சைடு நுண்படிகம் முளைக்கும். இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு போன்றவை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருந்தாலும் நீண்ட ஃபைபரில் கணக்கில் வரும். உருக்கும் பிளாட்டினப் பாத்திரமே சில சமயம் நுண்துகளை உதிர்த்துவிடும். எங்கே திரும்பினாலும் எதிரிதான்.

இனி கடலடிக் கேபிள் கேள்விக்கு வருவோம். இது சுவையான கதை, கொஞ்சம் சோகமும் உண்டு.

கண்ணாடியில் ஒளி சிதறுவது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும். 1.55 மைக்ரானிலிருந்து 2.5 மைக்ரானுக்குப் போனால் சிதறல் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். சிலிக்காவில் அந்த லாபத்தை அனுபவிக்க முடியாது, அதிர்வு உறிஞ்சல் முன்பே வந்து வழியை மறித்துவிடும். ஃப்ளூரைடில் அந்தச் சுவர் தூரத்தில் இருப்பதால் 2.5 மைக்ரான் வாக்கில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.01 டெசிபெல் வரை இறங்கலாம் என்று கணக்கிட்டார்கள். சிலர் அதற்கும் கீழே போகலாம் என்றார்கள். 0.01 என்றால் 1000 கிலோமீட்டர் போனாலும் பத்தில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும். நடுவில் பெருக்கியே இல்லாமல் பெருங்கடலைத் தாண்டலாம் என்ற கனவு அங்கேதான் பிறந்தது. 1980-களில் ஜப்பானின் என்டிடி, பிரிட்டிஷ் டெலிகாம், அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் என்று பல இடங்களிலும் இதற்காக ஆட்கள் உழைத்தார்கள்.

கணக்குக்கும் கைக்கும் இடையில் தூரம் இருந்தது. 1990 வாக்கில் பிரிட்டிஷ் டெலிகாம் குழு எட்டிய மிகச் சிறந்த எண் கிலோமீட்டருக்கு அரை டெசிபெல்லை ஒட்டியது. அதுவும் கிலோமீட்டர் கணக்கில் அல்ல, சில பத்து மீட்டர் நீளத் துண்டுகளில். அப்போதே மலிவான சிலிக்கா 0.2-இல் நின்றுகொண்டிருந்தது. இதற்கிடையில் 1987-இல் எர்பியம் என்ற அருமண் தனிமம் கலந்த சிலிக்கா ஃபைபர் பெருக்கி வந்தது. ஒளியை மின்னாக மாற்றாமல், ஃபைபருக்குள்ளேயே பெருக்கிவிடும் கருவி அது. 1996-இல் அட்லாண்டிக்கைக் கடக்கும் டிஏடி-12/13 கேபிள் இந்தப் பெருக்கிகளோடு வேலைக்கு வந்தது. பெருக்கி மலிவாகவும் நம்பகமாகவும் கிடைக்கும்போது, பெருக்கியே வேண்டாத ஃபைபருக்கு யார் காசு போடுவார்கள்? தவிர, 2.5 மைக்ரானுக்குப் போக லேசர், உணரி எல்லாவற்றையும் புதிதாகச் செய்தாக வேண்டும். ஃப்ளூரைடு தொலைத்தொடர்பு ஓட்டத்திலிருந்து வெளியே வந்தது. தோற்றது கண்ணாடியின் இயற்பியல் இல்லை என்பது என் கருத்து. கணக்கு சொன்ன தெளிவுக்கு அதை உருக்கி வார்க்கும் கைத்தொழில் ஈடுகொடுக்கவில்லை, ஈடுகொடுக்கும் முன் சந்தையும் காத்திருக்கவில்லை.

இங்கே விண்வெளிக் கதையையும் தொட்டுவிடுகிறேன், இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் வரும். எடையின்மையில் இழுத்தால் படிகம் முளைப்பது குறைகிறது என்று 1990-களில் நாசாவின் மார்ஷல் மையத்தைச் சேர்ந்த டென்னிஸ் டக்கர் குழு, விமானத்தில் சில பத்து நொடி எடையின்மையில் செய்த சோதனைகளில் காட்டியது. உருகலுக்குள் சூடும் கனமும் ஏற்படுத்தும் ஓட்டம் அங்கே அடங்கிவிடுவதுதான் காரணம் என்பது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. 2017 இறுதியில் மேட் இன் ஸ்பேஸ் நிறுவனத்தின் சிறு இழுப்பு இயந்திரம் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனது. 2024 தொடக்கத்தில் ஃப்ளாலெஸ் ஃபோட்டானிக்ஸ் அங்கே 5 கிலோமீட்டருக்கு மேல் இழுத்தது. ஒரே நாளில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிய இழுப்பும் அதில் உண்டு. அதற்கு முன் அங்கே சில பத்து மீட்டரே இழுத்திருந்தார்கள், ஆகவே சாதனைதான். ஆனால் ஃபைபரின் தரத்தை நீளம் சொல்லாது. கிலோமீட்டருக்கு எத்தனை டெசிபெல் என்பதுதான் சொல்லும். விண்வெளி படிகத்தைத் தடுக்கலாம், பொடியில் முன்பே இருக்கும் இரும்பையும் ஹைட்ராக்சிலையும் அது என்ன செய்யும்? அந்த வேலை தரையில்தான் முடிய வேண்டும். 'விண்வெளியில் செய்தது, ஆகவே சிலிக்காவைவிட இத்தனை மடங்கு மேல்' என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் பழைய 0.01 கணக்கைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள், அளந்த எண்ணை அல்ல.

சரி, தொலைத்தொடர்பு போனால் போகட்டும். சில மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரை மட்டும் போதும் என்ற இடங்களில் இந்தக் கண்ணாடி நன்றாகவே பிழைத்துக்கொண்டது. எனக்குப் பிடித்தது வானியல்.

இரண்டு தொலைநோக்கிகள் பிடித்த ஒளியை ஒன்றோடொன்று குறுக்கிடவைத்தால், அவற்றுக்கு இடையிலான தூரம் அளவுக்குப் பெரிய ஒரே தொலைநோக்கியின் கூர்மை கிடைக்கும். வளிமண்டலம் அந்த ஒளியின் அலைமுகத்தைக் கசக்கிவிடுவதுதான் தொல்லை. உள்ளகம் மிக மெல்லியதாக, ஒளி ஒரே வடிவில் மட்டும் போகக்கூடிய ஒற்றைமுறை ஃபைபருக்குள் ஒளியைச் செலுத்தினால் கசங்கல் வடிகட்டப்பட்டு, ஒழுங்கான அலை மட்டும் வெளியே வரும். எவ்வளவு உள்ளே போனது என்பதை மட்டும் அளந்துகொண்டால் போதும். வானியலாளர்களுக்கு வேண்டியது 2.0 முதல் 2.4 மைக்ரான் வரையிலான பட்டை. சிலிக்கா கைவிடும் இடம் சரியாக அதுதான். எனவே 1990-களில் ஃப்ளூவர் என்ற பிரெஞ்சுக் கருவி அமெரிக்காவின் அரிசோனாவில் ஃப்ளூரைடு ஃபைபர்களைக் கொண்டு விண்மீன்களின் விட்டத்தை அளந்தது. ஹவாயின் மவுனா கேயாவில் இரண்டு கெக் தொலைநோக்கிகளையும் 300 மீட்டர் நீள ஃப்ளூரைடு ஃபைபர்களால் இணைத்துக் காட்டினார்கள். அந்த முடிவு 2006-இல் வெளியானது. சிலியின் பரனால் மலையில் உள்ள கிராவிட்டி கருவி நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்க்கிறது. அதற்குள்ளும் ஃப்ளூரைடு ஃபைபர்தான். 2018 மே மாதத்தில் எஸ்2 என்ற விண்மீன் நம் பால்வீதி மையத்தின் கருந்துளையை நெருங்கிச் சுற்றியபோது, அதன் ஒளி ஈர்ப்பால் சிவப்புப் பக்கம் நகர்ந்ததைக் கண்டறிந்த ஆய்வில் இந்தக் கருவிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் குழுவை வழிநடத்திய ரைன்ஹார்ட் கென்சல் 2020-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கடலைத் தாண்ட முடியாத இழை எங்கே போய் உதவியிருக்கிறது பாருங்கள்.

அடுத்து லேசர். இங்கே மந்தமான அதிர்வு வேறொரு விதத்தில் கைகொடுக்கிறது. எர்பியம் அயனி 2.8 மைக்ரான் ஒளியை உமிழ வேண்டுமென்றால் ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்குக் குதிக்க வேண்டும். கண்ணாடியின் அதிர்வுகள் அந்த ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டால் ஒளி வராது, சூடுதான் வரும். சிலிக்காவில் மூன்று நான்கு அதிர்வுகளைச் சேர்த்தாலே அந்த இடைவெளி நிரம்பிவிடும், பிடுங்குவது சுலபம். இசட்பிளானில் ஆறுக்கு மேல் வேண்டும். அத்தனை அதிர்வுகள் ஒரே நேரத்தில் சேர்வது அரிது, ஆகவே அயனி நிதானமாக ஒளியை உமிழ்கிறது. கனடாவின் லாவால் பல்கலைக்கழகக் குழு 2015-இல் இப்படி 2.94 மைக்ரானில் 30 வாட் தொடர் ஒளியை எடுத்தது. 1.3 மைக்ரான் தொலைத்தொடர்புப் பட்டைக்கான பிரசியோடைமியம் பெருக்கிக்கும் இதே காரணத்தால் ஃப்ளூரைடு கண்ணாடியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கேபிளாக உள்ளே வர முடியாதது பெருக்கியாக எட்டிப் பார்த்தது என்று சொல்லலாம்.

2.94 மைக்ரான் என்பதற்கு மருத்துவத்தில் தனி மதிப்பு. தண்ணீர் மிக வலுவாக உறிஞ்சும் இடம் அது. திசுவில் ஏறக்குறைய ஒரு மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே ஒளி தீர்ந்துவிடும். தோல், பல் சிகிச்சைகளில் சுற்றியுள்ள பகுதியை அதிகம் சுடாமல் மெல்லிய அடுக்காகச் சீவ முடிவது அதனால்தான். ஆனால் வினை பாருங்கள்: திசுவில் நமக்கு வேண்டிய அதே உறிஞ்சல் ஃபைபரின் முனையில் நமக்கு எதிரி. காற்றிலுள்ள ஈரம் மெதுவாக முனைக்குள் ஊடுருவினால், அங்கே சேரும் ஹைட்ராக்சில் லேசரைக் குடித்துச் சூடாகும். சூடானால் இன்னும் வேகமாக ஈரம் ஊடுருவும், கடைசியில் முனை வெந்துவிடும். அதிக ஆற்றல் லேசர்களில் முனைக்கு அலுமினியம் ஃப்ளூரைடு கண்ணாடி மூடி ஒட்டவைப்பது இதற்காக. ஈரத்தை அது இன்னும் நன்றாகத் தாங்கும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'அகச்சிவப்பு ஃபைபர்' என்று கேள்விப்பட்டுச் சிலர் 10.6 மைக்ரான் கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு ஃப்ளூரைடைக் கேட்கிறார்கள். போகாது. மனித உடலின் வெப்பக் கதிர் உச்சம் 9 மைக்ரான் வாக்கில்; அதுவும் போகாது. 6 மைக்ரானைத் தாண்ட வேண்டுமென்றால் கந்தகம், செலினியம் கலந்த சால்கோஜனைடு கண்ணாடி, அதற்கும் மேலே சில்வர் ஹாலைடு அல்லது உள்ளீடற்ற குழல் ஃபைபர். சால்கோஜனைடின் ஒளிவிலகல் எண் 2.4-க்கு மேல், ஆகவே ஒவ்வொரு முகத்திலும் 17 சதவீதமோ அதற்கு மேலோ பிரதிபலித்துத் திரும்பும். ஃப்ளூரைடின் எண் 1.5, எனவே முகத்துக்கு 4 சதவீதம்தான். தவிர, ஃப்ளூரைடு கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கடத்தும். ஒரு சிவப்பு லேசர் பேனாவை ஒரு முனையில் காட்டி மறுமுனையில் புள்ளியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் நேர்ப்படுத்தலாம். கண்ணுக்குத் தெரியாத ஒளியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தச் சலுகையின் அருமை தெரியும்.

கையாள்வதைப் பற்றி. சிலிக்கா ஃபைபரில் பழகிய கை இங்கே கொஞ்சம் அடங்க வேண்டும். வெட்டும் கருவியில் இழுவிசையைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் முகம் நொறுங்கும். ஃபைபர்களை உருக்கி ஒட்டும் சாதாரண ஸ்ப்ளைசிங் இயந்திரத்தின் மின்பொறி சிலிக்காவுக்கென்று அமைக்கப்பட்டது. அதே அமைப்பில் வைத்தால் ஃப்ளூரைடு உருண்டையாகச் சுருண்டுவிடும். குறைந்த சூட்டில் வேலை செய்யும் இழைச்சூடாக்கி வகை இயந்திரம் வேண்டும், அது விலை அதிகம். சிலிக்காவோடு நேரடியாக உருக்கி ஒட்டுவது இன்னும் கடினம், ஒன்று இளகும்போது மற்றது அசையக்கூட அசையாது. சூட்டில் ஃப்ளூரைடு விரிவதும் சிலிக்காவைவிட முப்பது மடங்கு. ஆகவே பெரும்பாலானவர்கள் இரண்டு கனெக்டர்களை முகத்தோடு முகம் வைத்து இணைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்களுக்கும் அதுவே போதும்.

முகத்தை மெருகேற்றத் தண்ணீர் கூடாது. எண்ணெய் அல்லது கிளைக்கால் அடிப்படையிலான திரவம்தான். துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி, உடனே உலர்த்திவிட வேண்டும். பயன்படுத்தாதபோது மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பையோடு உலர்ந்த பெட்டியில் வையுங்கள். உடைந்த துண்டுகளை வெறுங்கையால் எடுக்க வேண்டாம். நீளத்தை நீங்களே வெட்டிக் கனெக்டர் போடலாம் என்று நினைத்தால் முதல் முறைக்கு வேண்டாம் என்பேன். கனெக்டர் போட்ட கேபிளாகவே வாங்குங்கள். பிரான்சின் லே வெர் ஃப்ளூரே, அமெரிக்காவின் தார்லேப்ஸ், ஜப்பானின் ஃபைபர்லேப்ஸ் ஆகியவை இதைச் செய்கின்றன. விலை சிலிக்கா கேபிளோடு ஒப்பிடும் வகையில் இருக்காது, மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் 4.26 மைக்ரான். இசட்பிளான் அந்த இடத்தில் ஏற்கெனவே சரியத் தொடங்கியிருக்கும்; விற்பனைத் தாளில் '4.5 மைக்ரான் வரை' என்று போட்டிருந்தாலும் அது ஓர எல்லை, நடுப்பாதை அல்ல. இழப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, 4.26-இல் கோடு போட்டுப் பாருங்கள். இண்டியம் ஃப்ளூரைடில் மீட்டருக்கு அரை டெசிபெல்லுக்குள் இருக்கும் ஃபைபரைத் தேர்ந்தெடுத்தால் 2 மீட்டரில் போவது அதிகபட்சம் ஒரு டெசிபெல், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. இரு முகங்களிலும் சேர்த்து இன்னொரு 8 சதவீதம். முக்கால்வாசி ஒளி உணரிக்கு வந்து சேரும். உங்கள் அளவீட்டுக்கு இது தாராளம். கிலோமீட்டருக்கு 0.01 என்ற கனவெல்லாம் இங்கே தேவையே இல்லை.

உள்ளகம் 100 மைக்ரானோ அதற்கு மேலோ உள்ள பன்முறை ஃபைபராக எடுங்கள். ஒற்றைமுறை ஃபைபர் வானியலாளர்களுக்கு, உங்களுக்கு அல்ல. ஒளிமூலம் சூடான இழையாக இருந்தால் ஃபைபருக்குள் ஒளியைத் திணிப்பதுதான் பெரிய இழப்பாக இருக்கும், ஃபைபர் அல்ல. 4.26-க்கான எல்இடி அல்லது குறைக்கடத்தி லேசருக்குக் காசு இருந்தால் அங்கே செலவிடுங்கள்.

எரிகலன் பக்க முனையைப் புகையில் நேராக நீட்ட வேண்டாம். ஃபைபர் 250 டிகிரிக்கு மேல் இளகும் என்பது ஒருபுறம். அதற்கு வெகு முன்பே மேலே பூசிய அக்ரிலேட் பிளாஸ்டிக் பூச்சு கருகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, எரிதலில் கார்பன் டை ஆக்சைடோடு நீராவியும் வருகிறது. சூடான நீராவி இந்தக் கண்ணாடியின் முகத்தை அரித்துவிடும். நடுவில் ஒரு மெல்லிய சஃபையர் சன்னல் வையுங்கள். 4.26-ஐ அது விடும், சூட்டையும் ஈரத்தையும் தாங்கும். சன்னலுக்கும் ஃபைபர் முனைக்கும் இடையிலும், மறுபக்கத்தில் ஃபைபருக்கும் உணரிக்கும் இடையிலும் உலர்ந்த நைட்ரஜனை மெதுவாக ஓடவிடுங்கள். முனை ஈரப்படாமல் காப்பதற்கு அது உதவும். அதைவிட முக்கியம், அறைக் காற்றிலும் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. நீங்கள் மூச்சு விட்டாலே அந்த இடைவெளியில் 4.26 மைக்ரான் அளவு மாறும். ஆய்வகத்தில் ஆட்கள் வந்து போகும் நேரத்தில் மட்டும் எண் ஆடினால், எரிகலனைச் சந்தேகப்படும் முன் அந்த இடைவெளிகளைப் பாருங்கள்.